நடந்தேதான் போனேன், ஸ்டெல்லா அப்பா

என் அன்பான ஸ்டெல்லா அப்பாவுக்கு,

நீங்கள் ஆண்டவரிடம் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சம்பா அறுப்பும் முடிந்தது. மூன்று மா நிலமும் பழுதில்லாமல் விளைந்தது, மறு நடவுக்குப் பிறகு கடைசி மழையில் கொஞ்சம் சாய்ந்ததோடு சரி. ஸ்டெல்லா திருச்சியில் நர்ஸ் வேலைக்குப் போகிறாள். தினமும் போன் பண்ணி, மாத்திரை போட்டாயா என்று அதட்டுகிறாள். உங்கள் குணம் அப்படியே வந்திருக்கிறது.

சொல்ல வந்தது வேறு. அறுப்பின் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் மோட்டார் சைக்கிளில் நாலு பேர் வந்தார்கள், வெளியூர்க்காரர்கள். கதிர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடித் தெருவில் வரக்கூடாது, மீறினால் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நம் ஆட்களிடம் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் பார்த்தால் நம் வேதக்கோயில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. போதகர் போலீசில் எழுதிக் கொடுத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, இந்த வருஷம் ஊர்வலம் வேண்டாம், அவரவர் வண்டியில் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுங்கள் என்றார். சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர் வேறென்ன சொல்வார்?

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான்தான் பயந்தாங்கொள்ளி ஆயிற்றே. நீங்கள் கட்டைத் தலையில் வைத்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி பாடிக்கொண்டு முன்னால் போவீர்கள். நான் முக்காடு போட்டுக்கொண்டு நாலடி பின்னால், யாரோ எவரோ போல வருவேன். வம்பை விலை கொடுத்து வாங்குகிற மனுஷன் என்று எத்தனை தடவை உங்களைத் திட்டியிருப்பேன்! அந்த நாலு பேர் வந்த அன்று, வாசல் நிலையில் நீங்கள் அடித்த சிலுவையைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டேன். திரும்ப மாட்டிவிட்டேன், ஆனால் ஒரு வாரம் கழித்துத்தான். இதை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

அறுப்பு மிஷின் வயலில் இறங்குவதற்கு முன்னால் நம் கையால் ஒரு கட்டு அறுத்து வைத்துவிடுவோம் இல்லையா? மிஷின் போன பிறகு கோயிலுக்குக் கொண்டுபோகக் கதிர் ஏது? இந்த வருஷம் நான் அரிவாளையே தொடவில்லை. கட்டு இல்லாவிட்டால் கஷ்டமும் இல்லை என்று நினைத்தேன். டிரைவரிடம் மிஷினை இறக்கச் சொல்லிவிட்டு வரப்பில் நின்றேன். முக்கால் வயல் போனதும் அழுகை வந்துவிட்டது. ஐப்பசியில் தண்ணீரில் மூழ்கி, மறுபடி நட்ட பயிர் அது. தினமும் முழங்கால் போட்டுக் கேட்டு வாங்கினேன். கேட்கும்போது வாய் இருந்தது, நன்றி சொல்ல மட்டும் இல்லையா?

மிஷின் திரும்ப முடியாத மூலையில் கொஞ்சம் பயிர் மிச்சம் நின்றது. அதை அறுத்துக் கட்டினேன். முதல் கட்டுக்குப் பதிலாகக் கடைசிக் கட்டு. ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வயல் கலியபெருமாள் அண்ணன் வந்து, வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். டீக்கடையருகே அந்த நாலு பேரில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வண்டியைக் குறுக்கே போட்டான். நம் ஸ்டெல்லா வயசுதான் இருக்கும்.

"சொல்லிட்டுத்தானே போனோம்? திரும்பிப் போ."

பயத்தில் கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வேதக்காரி, தம்பி. விளைய வச்சவருக்கு நன்றி சொல்லப் போறேன். வழி விடுப்பா."

அவன் கட்டைத் தட்டிவிட்டான். நெல் ரோடெல்லாம் சிதறியது. குனிந்து பொறுக்கினேன், எழுந்திருக்க முடியவில்லை. கலியபெருமாள் அண்ணன் என் பின்னாலேயே வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. கட்டைத் தூக்கி என் தலையில் வைத்தார். டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்து, வண்டியை எடுங்க தம்பி என்றார். எடுத்தார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள்.

அதற்கப்புறம் பாடினேன். என் குரலில் உங்கள் பாட்டு! கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். கோயில் வாசலில் நம் ஜனமெல்லாம் வண்டிகளை விட்டு இறங்கி நின்றார்கள். போதகர் கட்டை இறக்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடிக்கொண்டே வந்தபோது ஒன்று தோன்றியது. நடுங்குகிற குரலை அடக்கத்தான் அவ்வளவு சத்தமாகப் பாட வேண்டியிருந்தது. நீங்களும் அப்படித்தானா? உங்களுக்கும் பயமாக இருந்ததா? இருபத்தாறு வருஷம் பின்னாலேயே வந்தேன், ஒரு நாளும் கேட்கவில்லை. உங்கள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த அறுப்புக்கு அவர்கள் வருவார்கள். எனக்குப் பயம் விட்டுப் போயிருக்காது, அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். நடுங்கிக்கொண்டேதான் வருவேன். ஆனால் தெருவழியாகத்தான் வருவேன்.

என்றும் உங்கள்,
ஸ்டெல்லா அம்மா