தூர ரூம் இல்லாத வீடு

ஜனவரி 26, திங்கள்

காற்று நிற்கவில்லை. காலையில் பால் சொசைட்டியில் அளவு முடித்து வரும்போது ஸ்கூட்டர் இரண்டு தடவை சாய்ந்தது. உதடெல்லாம் வெடிப்பு. தேங்காய் எண்ணெய்.

புது வீட்டில் பெயிண்ட் முடிந்தது. பாக்கி: சிங்க் குழாய், பின்கதவுத் தாழ்ப்பாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். பழைய வீட்டிலிருந்து முப்பது அடிதான் தூரம், ஆனாலும் குடி போவது குடி போவதுதான்.

மேஸ்திரி மிச்சம் கிடந்த ஹாலோ பிளாக்கைக் காட்டி, தூர ரூமுக்கு எங்கே நூல் பிடிக்கட்டும் என்று கேட்டார். மாட்டுக் கொட்டகை ஓரமா, பாத்ரூம் பக்கமா என்பதுதான் அவர் சந்தேகம். வேண்டுமா என்பதே இல்லை. பெண்கள் தீட்டான மூன்று நாளும் தனியாகக் கிடக்க, இந்தப் பக்கம் அவர் கட்டின வீடு எல்லாவற்றிலும் பின்னால் ஒன்று உண்டாம்.

வேண்டாம் என்றேன். அந்தக் கல்லில் துணி துவைக்க மேடை போடச் சொன்னேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் செல்போனைப் பார்த்தார்.

ஜனவரி 27, செவ்வாய்

நங்கைக்கு விஷயம் போய்விட்டது. இவருடைய அக்கா. கல்யாணமான நாலாம் வருடமே புருஷன் போய், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். இவரைத் தூக்கி வளர்த்தது அவர்தான். இந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நேற்று வரை.

சத்தம் போடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, "நீ எங்க வேணாப் படுத்துக்க அம்மணி. நாளைக்கு உன்ற புள்ள பெரிய மனுஷி ஆனா எங்க உக்கார வெப்பே?" என்றார். நடுக் கூடத்தில் என்றேன். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வர்ஷினி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு. எப்போது வேண்டுமானாலும் வயதுக்கு வரலாம். சாப்பிடும்போது, "அந்த ரூம் எனக்குத்தான் கட்டறதா இருந்துதாம்மா?"

இல்லை என்று பொய் சொல்ல வரவில்லை. "இருந்துது கண்ணு. இப்ப இல்லை."

இன்னொரு தோசை கேட்டாள்.

ஜனவரி 31, சனி

வாங்க: குத்துவிளக்குத் திரி, பித்தளைப் பானை (புதுசு), வாழையிலை, பேப்பர் டம்ளர், வர்ஷினிக்கு வளையல், எனக்கு ஜாக்கெட் கொக்கி.

இவரிடம் நேற்றுப் பேசி முடித்தேன். எனக்கு ஒண்ணும் இல்லை, அக்கா மனசு கஷ்டப்படும் என்றார். என்ற மனசு எங்க போச்சுங்க என்று கேட்டேன்.

பதினாலு வருடம் மாதா மாதம் பழைய வீட்டின் பின்னறையில் படுத்திருக்கிறேன். சாக்கு, தனித் தட்டு, தனி டம்ளர், ஆணியில் தொங்கும் ஒரு பல்பு. விடிந்ததும் குளித்து, சொசைட்டிக்குப் போய் ஊர்ப் பால் முழுக்க இந்தக் கையால்தான் அளப்பேன். அந்தப் பால்தான் கோயிலுக்கும் போகிறது. ஒருத்தரும் என் தேதி கேட்டதில்லை. திரும்பி வந்தால் என் வீட்டுச் சோற்றுப் பானையை நான் தொடக் கூடாது.

இன்று இவருக்கு லீவு. காலையில் எட்டிப் பார்த்தால், இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஸ்திரிக்குக் கலவை எடுத்துக் கொடுக்கிறார். துவைக்கிற மேடை பாதி எழும்பிவிட்டது. டீ மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன், சர்க்கரை கொஞ்சம் கூட.

பிப்ரவரி 2, திங்கள்

எனக்கு நாள் பத்தாம் தேதி. அதனால் கவலை இல்லை. நங்கைக்குக் கவலை. மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார், தள்ளிப் போடுவதற்கு. எதற்கும் இன்றைக்கே ஆரம்பித்துவிடு என்று கையில் திணித்தார்.

கொழுந்தன் கல்யாணத்துக்கு இதே மாத்திரை போட்டேன். ஃபோட்டோவில் சிரிக்கிறேன். அப்புறம் பதினைந்து நாள் நிற்கவே இல்லை, சொசைட்டியில் மயங்கி விழுந்தேன்.

போடவில்லை. போட மாட்டேன் என்று அவரிடமே சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணி, வாழையிலை கழுவிக்கொண்டிருக்கும்போது. ஐந்து நாள் முன்னால். சிரிப்புத்தான் வந்தது முதலில்.

உடை மாற்றி, முகம் கழுவி, நேராக நங்கையிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு மளமளவென்று ஏற்பாடு. கொழுந்தன் பெண்டாட்டி அடுப்புப் பற்ற வைக்கட்டும், நீ பழைய வீட்டிலேயே இரு, கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நாந்தானுங்க காச்சுவேன்" என்றேன். "என்ற ஊடு."

"அப்படீன்னா அந்த ஊட்டுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன்."

இவர் வேலை முடிந்து வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, ஏன் அக்காவிடம் சொன்னாய், சொல்லாமலே செய்திருக்கலாமே என்றார். செய்திருக்கலாம். பால் பொங்கியிருக்கும். வர்ஷினிக்கு ஒளித்துச் செய்யக் கற்றுக்கொடுத்ததாகவும் ஆகியிருக்கும். அதைத்தான் சொன்னேன். தலையைச் சொறிந்தார். செரி, பாத்துக்கலாம் என்றார்.

வயிறு வலி. வெந்நீர்ப் பாட்டில்.

பிப்ரவரி 6, வெள்ளி

நாலு மணிக்கு எழுந்து தலைக்கு ஊற்றினேன். காற்றில் நடுக்கம். மாடும் கன்றும் உள்ளே வந்து போயின. ஹோமம். வீட்டம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார் ஐயர், போனேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரே தீக்குச்சியில் பற்றியது. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது அதுதான்.

பால் பொங்கியது. பக்கத்தில் நின்ற வர்ஷினி என் முந்தானையை விடவே இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும்.

நங்கை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தக் காற்றில். பால் டம்ளர்த் தட்டோடு நான் நிலைப்படிக்கு வந்த நேரம், எலப்புள்ளியிலிருந்து வந்த சின்ன அத்தை நங்கையிடம், ஏன் உள்ளே வராமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். நங்கை ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோவார்கள்.

நங்கை என்னைப் பார்த்தார்.

"உள்ள ஒரே பொகைங்க. கண்ணு எரியுது" என்றார்.

ஆனால் பால் எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பழைய வீட்டுக்குப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்க நினைத்தேன். அவராகவே ஆரம்பித்தார், திரும்பிப் பார்க்காமல். பதினைந்து வயதில் அதே பின்னறையில் படுத்திருந்தபோது தேள் கொட்டியதாம். போட்ட கூச்சலுக்கு எல்லோரும் எழுந்து வந்தார்களாம்.

"எங்கம்மா கதவுக்கு வெளிய நின்னு அழுதுட்டே இருந்தா. உள்ள வரலை."

அப்புறம் என்னாச்சுங்க நங்கை என்றேன்.

"வெடிஞ்சுது."

இவ்வளவு வருடத்தில் இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லையாம். இவருக்கே தெரியாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. புது சிங்க் ஒழுகுகிறது, பிளம்பருக்கு ஃபோன். வர்ஷினிக்குக் கணக்குப் பரீட்சை நாளை. மேடையில் முதல் தடவை துணி துவைத்தோம், நானும் இவரும்.

நேற்று நங்கைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினேன். பழைய வீட்டிலேயே தான் பொங்கிக்கொள்வதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் போய்க் கெஞ்சவில்லை.

இன்று மத்தியானம் ரசம் தாளித்துக்கொண்டிருக்கிறேன், பின்கதவு திறந்தது. நங்கை. நின்று சமையலறையைச் சுற்றிலும் பார்த்தார். அலமாரி உயரம் அதிகம் என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மூணாம் நாளுதானே உனக்கு?"

"இல்லீங்க நங்கை, நாலு" என்று சொல்லியிருக்கலாம். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று கணக்கும் நாலுதான். ஆனால் நாலு என்றால் தலைக்கு ஊற்றித் தீட்டுத் தீர்ந்தது என்று அவருக்கு அர்த்தம், அதுவும் ஒளிப்பதுதான்.

"இன்னும் நிக்கலீங்க" என்றேன்.

அடுப்பையும் ரசச் சட்டியையும் பார்த்தார். பிறகு, கழுவி வைத்திருந்த தட்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"செரி. சோத்தப் போடு, பசிக்குது."