தொடையில் போட்ட கோடு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் மீதிக் காலும் எனக்குச் சேர்ந்துவிடும்.

வாலு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் தங்கையைப் பற்றி வரும்வரை நீ வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கிற ஆள். தொடை எலும்பில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்தது உனக்குத் தெரியும். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கலாம் என்று இப்போது கதிர்வீச்சும் கீமோ மருந்தும் ஒரே சமயத்தில் கொடுக்கிறார்கள். எதற்கு இரண்டும் ஒன்றாக, பிள்ளை தாங்குவாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கதிர் அந்த ஒரு இடத்தைப் பார்த்துக்கும்மா, மருந்து ரத்தத்தோட உடம்பு பூரா போய்த் தேடும். தாங்குறாளான்னு வாராவாரம் ரத்தம் பார்ப்போம்" என்றார்.

கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டத் தொடையில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வியர்வையில் ஒரு பக்கம் மங்கிவிட்டது. முப்பது வருஷமாகத் துணியில் கோடு போட்ட கை சும்மா இருக்குமா, தையல் கடைப் பேனாவை எடுத்து, டேப் வைத்து அளந்து இழுத்துவிட்டேன். முதல் நாள் கதிர் அறைக்குப் போனதும் கதிர் கொடுக்கிற பெண் ஒரே பார்வையில் "இது யாரு வரைஞ்சது?" என்றாள். உடனே உன் அப்பா என்னைக் காட்டிக்கொடுத்தார். படம் எடுத்துப் பார்த்தால் என் கோடு அரை விரல் தள்ளியிருக்கிறது. "நல்லவேளை, படம் பார்க்காம நாங்க ஆரம்பிக்கிறதில்ல. இனி மங்கினா எங்ககிட்ட சொல்லுங்க" என்று துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள்.

பிறகு வாலுவை மட்டும் உள்ளே படுக்க வைத்து, கனத்த கதவை மூடினார்கள். வெளியே திரையில் பார்த்தேன். அவ்வளவு பெரிய இயந்திரம் அவளைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. சூடில்லை, வெளிச்சமில்லை, வலியும் இல்லையாம். கண்ணுக்கே தெரியாத ஒன்று தோலைக் கிழிக்காமல் உள்ளே போய் வேலை செய்கிறது. ஊசி குத்தாமல் ஒரு தையல் போட முடியாதவள் நான், அப்படியே மலைத்து நின்றுவிட்டேன். போன வாரம் ரத்த அணுக்கள் இறங்கி கீமோவைத் தள்ளிவைத்தபோது என் உயிர் என்னிடம் இல்லை. நேற்று ஏறியிருக்கிறது, மறுபடி தொடங்கிவிட்டார்கள். வாந்தி, வாய்ப்புண், தோல் சிவப்பு எல்லாம் உண்டு. இத்தனையும் வாங்கிக்கொண்டு வாக்கரைப் பிடித்துத் தானே நடந்து வருகிறாள், நான் பெற்ற பிள்ளையா இது என்று பார்க்கிறேன்.

போனில் அவளிடம் மூக்கை உறிஞ்சாதே, அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம், அவளுக்குக் குளிர்கோட்டு வாங்க அளவு கேட்டிருந்தாயே, உடம்பு பாதியாகிவிட்டதே என்று நேற்று டேப்போடு போனேன். கையைத் தட்டிவிட்டாள். "பழைய அளவையே எழுதும்மா. அண்ணன் அனுப்பி வந்து சேர்றதுக்குள்ள நான் அதுக்கு வந்துடுவேன்" என்றாள். மார்பு முப்பத்து நான்கு, தோள் பதினைந்து. அதையே வாங்கி அனுப்பு.

நீங்கள் இருவரும் நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
உன் அம்மா