நனைக்காமல் அறுக்கப்படும் குடிநீர்க் குழாய்கள்

அனுப்புநர்
மா. கோகிலவாணி (வயது 47),
க/பெ. மாரியப்பன் (காலமானவர்),
3/118, மேல் தெரு,
மாங்கரைப்பள்ளி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
மாங்கரைப்பள்ளி பேரூராட்சி.

பொருள்: குடிநீர் – நாற்பதாண்டுப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களை மாற்றவும், அதுவரை அவற்றை அறுக்கும் பணியாளர்களைக் காக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மனு, நாள் 10.03.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் 1984-இல் பதித்தவை. அவற்றில் ஏற்படும் உடைப்புகளைச் சரிசெய்யும் ஒப்பந்தப் பணியாளராக என் கணவர் மாரியப்பன் 1996 முதல் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தார். இவ்வாண்டு ஜனவரி 22 அன்று, தமது ஐம்பத்தோராம் வயதில் காலமானார்.

2. உடைந்த இடத்தை எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்க, குழாயை இருபுறமும் அறுக்க வேண்டும். அறுக்கும்போது மாவு போலத் தூள் பறக்கும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுப்பார். அலுவலகத்தில் வேறெதுவும் தரப்படவில்லை. தூள் படிந்த அவர் சட்டையை வாசலில் உதறித் துவைத்தவள் நான். மகள் சுமித்ரா சிறுமியாக இருந்தபோது, அப்பா வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். அவள் தலையில் ஒட்டிய தூளைப் பவுடர் என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். இதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் தாங்கள் அறிய வேண்டியது என்பதால் எழுதுகிறேன்.

3. 2022-இல் அவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தருமபுரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும், "இத்தனை வருஷத்துல உங்ககிட்ட ஒருத்தருமா சொல்லல?" என்றார். நுரையீரலில் படிந்த தூளை இனி எடுக்க முடியாது என்று விளக்கினார். இந்தத் தண்ணீரைக் குடித்தால் கெடுதலா என்று நான் கேட்டதற்கு, அதை உறுதியாகச் சொல்ல முடியாது, அறுக்கும்போது மூச்சில் போகும் தூள்தான் ஆபத்து என்றார். எனவே ஊராரைப் பயமுறுத்த இம்மனுவை எழுதவில்லை. என்னையும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னும் எடுக்கவில்லை. எனக்குத் துணிவில்லை.

4. என் முந்தைய மனுவுக்கு, "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்று பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு மட்டும் ஒன்பது இடங்களில் குழாய் உடைந்துள்ளது. ஒன்பதையும் அறுத்தவர் என் கணவருக்குப் பின் வேலைக்கு வந்த சின்னராஜ். வயது முப்பத்து நான்கு. இரண்டு பெண் குழந்தைகள்.

5. கடந்த ஜூலை 14 அன்று சந்தைத் தெருவில் உடைப்பு. சின்னராஜ் துண்டைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்குவதைப் பார்த்ததும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய், அவர் அறுக்க அறுக்கக் குழாய்மேல் ஊற்றினேன். தூள் அடங்கியது. "அக்கா, நனைச்சா பிளேடு வழுக்குதுங்க. நேரமாகுது, சனங்க திட்டுறாங்க," என்றார். ஆறு நாளாகத் தண்ணீரில்லாமல் குடத்தோடு நின்றவர்களும், குடிக்க இல்லாத தண்ணீரை மண்ணில் கொட்டுகிறாளே என்று என்னைத்தான் ஏசினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குடம் காலியானதும் மிச்சத்தை அவர் நனைக்காமலே அறுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6. ஆகவே பழைய குழாய்களை மாற்றும் பணியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டுகிறேன். அதுவரை, இந்தத் தூளுக்கென்று உள்ள முகக்கவசம் வழங்கவும், நனைத்துத்தான் அறுக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடவும், வெட்டிய துண்டுகளைத் தெருவோரம் போடாமல் நனைத்து மூடி அப்புறப்படுத்தவும் ஏற்பாடு செய்ய வேண்டும். சின்னராஜுக்கு இந்த மாதமே நுரையீரல் பரிசோதனை செய்ய வேண்டும். அவர் வேலை போய்விடும் என்று பயந்து கேட்கமாட்டார். அவருக்காக நான் கேட்கிறேன்.

7. குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதற்குத் தங்கள் அலுவலகத்தில் வரைபடம் இல்லை என்று அறிகிறேன். கடைசி நாட்களில் என் கணவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல, வால்வும் இணைப்பும் உள்ள இடங்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதன் நகல் இத்துடன் உள்ளது. மூச்சு வாங்கியதால் பள்ளிக்கூடத் தெருவோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் சொல்கிறேன் என்றார். சொல்ல முடியவில்லை. பாக்கியுள்ள இரண்டு தெருக்களில் குழாய் எங்கே போகிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது. அங்கே தோண்டுகிறவர்களிடம் பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள், ஐயா.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

மா. கோகிலவாணி
(கையொப்பம்)

இடம்: மாங்கரைப்பள்ளி
நாள்: 18.08.2025

இணைப்பு: நோட்டின் நகல், 11 பக்கங்கள், எக்ஸ்ரே அறிக்கை நகல்.