பதினான்குக்குப் பதினான்கில் எரியாத விளக்கு

கபோஷ்வார், ஜனவரி 19

அன்பு மகள் ரோஸிக்கு, அப்பா வெண்டெல் தன் கையாலேயே எழுதுவது. நீ நலமா, உன் வலது மணிக்கட்டு நலமா, மொன்ட்ரியாலில் எங்களைவிடப் பனி அதிகமாமே, நல்ல பூட்ஸ் இருக்கிறதா. இங்கே நானும் அம்மாவும் உயிரோடும் சளியோடும் இருக்கிறோம். ஆமாம் மகளே, இது அம்மா எழுதிய கடிதம் இல்லை. நீ அங்கே போனதிலிருந்து நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள், உன் பதிலையும் அவள்தான் படித்துச் சொன்னாள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு இல்கா பழைய பஸ் நேர அட்டவணையை வைத்தே சொல்லிக்கொடுத்தாள். என்ன வெண்டெல், உன் எழுத்தெல்லாம் குடிச்சிட்டு வீட்டுக்குப் போற மாதிரி சாயுதே என்கிறாள். சாயட்டும், வீடு போய்ச் சேர்கிறது அல்லவா. இந்த இரண்டு வரி எழுதுவதற்குள் அடுப்பில் பீன்ஸ் சூப்பே கொதித்து முடிந்துவிட்டது, ஆனாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது, நிறுத்த முடியவில்லை.

உன் கிறிஸ்துமஸ் கடிதத்தை நானே படித்தேன். மார்ச்சில் புடாபெஸ்டில் நடக்கும் தேசிய வாள்வீச்சு அணித் தேர்வுக்கு வரப்போவதில்லை, கடைசி வெட்டில் என் கை உறைந்துபோகிறது, அந்த ஒரு நாளுக்குப் பிறகு என் கையை நானே நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான்கு முறை படித்தேன். படிக்கத் தெரியாதபோது இருந்த நிம்மதி ஒரு வகையில் பெரியதுதான். உன் களைப்பு எனக்குத் தெரியாதா கண்ணு. ஒன்பது வயதிலிருந்து விடியலில் எழுந்து, முன்னால் ரெண்டு பின்னால் ஒன்று என்று வெறும் காலடிகளையே வருடக்கணக்காகப் போட்டாய். தோளிலும் தொடையிலும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிய தடம், நகம் பிய்ந்த பெருவிரல், எந்தத் தோழியின் கல்யாணத்துக்கும் போகவில்லை, போட்டிக்கு முந்தின நாள் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்காது. நானும் களைத்துவிட்டேன், வாள்வீச்சுக் கூடத்துப் பட்டறையில் உங்கள் வாள்களைப் பழுது பார்த்துப் பார்த்து என் விரல்களும் இப்போது தாமாக மடங்கிவிட்டன. ஆனால் களைப்பு வேறு, நீ எழுதியது வேறு. அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முந்தைய தேர்வின் கடைசி ஆட்டம். நீயும் ஃபுருஷினாவும் பதினான்குக்குப் பதினான்கு. இருவரும் பாய்ந்தீர்கள், நீ ஒரு அடி பின்வாங்கி அவள் வெட்டைக் காற்றில் போகவிட்டு அவள் தோளில் வெட்டினாய். அவள் மறுபடி வீசியது அதற்கப்புறம்தான் உன் கையில் பட்டது. பலகையில் அவள் வெட்டுக்கு விளக்கு எரிந்தது, உன் வெட்டுக்கு எரியவில்லை, கடைசிப் புள்ளி அவளுக்குப் போனது. நீ தாமதித்துவிட்டாய் என்று எல்லாரும் சொன்னார்கள், உனக்குப் பயிற்சி கொடுத்த நம் போடோக் மாஸ்டரும் உறைஞ்சு போயிட்டே, மரக்கட்டையாட்டம் நின்னே என்று உன்னைத் திட்டினார். நீ தாமதிக்கவில்லை ரோஸி. வாள் அவள் தோளில் பட்டு வில்லாய் வளைந்ததை நான் பார்த்தேன். தவறு வாளில் இருந்தது, வாளைப் பொருத்தியவன் நான்.

அதற்கு மூன்று நாள் முன்புதான் உன் வாளின் அலகு உடைந்து புதியது போட்டேன். புது அலகு துருப்பிடிக்காமலிருக்க ஒரு பூச்சோடு வரும். கைக்காப்புக்குள் அது உட்காருகிற இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்காவிட்டால் மின்சாரம் ஓடாது, வெட்டு பட்டாலும் விளக்கு எரியாது. ஆயிரம் வாளுக்குத் தேய்த்தவன், அன்று பதினோரு வாள்களோடு போராடிவிட்டு உன்னுடையதை நாளைக்கு என்று வைத்தேன், மறுநாளே அது உன் பைக்குள் போய்விட்டது. திருகு இறுக்கமாக இருந்தவரை எப்படியோ விளக்கு எரிந்தது. ஆட ஆடத் திருகு தளர்ந்தது, கடைசி வெட்டில் தொடர்பு விட்டது.

இதைவிடப் பெரிய பாவம் இனிமேல்தான். உன்னிலிருந்து மூன்றடியில், பழுது பார்க்கும் மேசையில் நின்றேன். நீங்கள் கைகுலுக்குமுன், வாளைச் சோதிக்கணும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நடுவர் சோதித்து அவளுடைய புள்ளியை ரத்து செய்திருப்பார். நீ கேட்கமாட்டாய், விளக்கைப் பாக்குறவ வாளைப் பாக்கமாட்டா என்று மாஸ்டர் உங்களை வளர்த்துவிட்டார். நான் கேட்டிருக்க வேண்டும். சொல் நாக்கு வரை வந்தது. மரத்தொட்டி செதுக்கிற ஜிப்சி, படிக்காதவன் கையில மின்சாரத்தைக் குடுக்கிறதா என்று என்னைப் பார்த்து நம் வாள்வீச்சுக் கூடத்தில் ஒரு காலத்தில் சிரித்தார்கள். வெண்டெல் தொட்டா விளக்கு எரியும் என்று அவர்களே சொல்ல இருபத்தாறு வருடமானது. அந்தப் பெயருக்காக வாயை மூடிக்கொண்டேன். நீ முகமூடியைக் கழற்றி வணக்கம் வைத்தாய்.

மறுநாள் உன் வாளில் மின்சார மீட்டரை வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. அந்த வாளைப் பிரிக்காமல் அப்படியே துணியில் சுற்றி மேசைக்கடியில் வைத்தேன். அம்மா கையால் இதை எப்படி எழுதச் சொல்வேன். இதற்காகவே எழுத்துப் படித்தேன் என்றால் பொய், பஸ் பலகை படிக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் எழுத்து வந்ததும் சாக்கு போய்விட்டது.

நேற்று அந்த வாளை மாஸ்டரிடம் கொண்டுபோய் மீட்டரோடு காட்டினேன். அவரே இன்னொரு முறை மீட்டரை வைத்துப் பார்த்தார். யோவ் வெண்டெல், ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணைக் கட்டைன்னு திட்டினேனேய்யா, நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டேதானே இருந்தே என்றார். அது அடி. பட்டறைச் சாவியை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

மகளே, களைத்துவிட்டேன், போதும் என்று நிறுத்தினால் நிறுத்து, அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். உன் கை உறைந்தது என்று மட்டும் நிறுத்தாதே. அது உறையவில்லை. மன்னிப்பு கேட்கிறேன், அதற்குப் பதில் எழுத அவசரமில்லை.

கடவுள் உன் முழங்காலையும் மணிக்கட்டையும் காக்கட்டும், நல்ல தூக்கம் தரட்டும். தபாலில் போடுமுன் இதை அம்மா பார்க்கும்படி மேசையில் திறந்து வைக்கப்போகிறேன். மறக்காதே, மார்ச்சில் வந்தாலும் சரி, அங்கேயே ஆடினாலும் சரி, வாள் பட்டும் விளக்கு எரியாவிட்டால் கையைத் தூக்கி வாளைச் சோதிக்கச் சொல், அதை உன் அப்பாவே பொருத்தியிருந்தாலும்.

உன் அப்பா,
ஓர்ஷோஷ் வெண்டெல்
(கையெழுத்தும் நானே போட்டது)