விரலில் ஒட்டிய பெயிண்ட்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? தைலத்தை இரண்டு நாள் தேய்த்துவிட்டு மூலையில் போட்டுவிடாதே.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது, பயப்படாமல் படி. பட்டறையில் ஒரு பள்ளிக்கூட மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி செய்துகொண்டிருந்தேன். கடைசி வெல்டிங்கில் ஓட்டை விழுந்துவிட்டது. வெளியே சபைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. அறுத்துத் திரும்ப வெல்டிங் வைத்தால் ஆராதனை போய்விடும். ஓட்டையை அடைக்கப் பட்டிப் பசையை அப்பி, மேலே பெயிண்டை அடித்துவிட்டு ஓடினேன். ஆராதனைக்குத்தானே போகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

திருவிருந்தில் அப்பத் தட்டு என்னிடம் வந்தது. நீட்டிய விரலில் அந்தப் பெயிண்ட். நம் பாப்பா படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவாளே, அது கண்முன் வந்து நின்றது. அப்பத்தை எடுக்காமல் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து, நடந்தே பட்டறைக்கு வந்தேன்.

"ஜெபத்துக்குப் போனவன் பாதியில ஏன்யா வந்த?" என்றார் ஃபோர்மேன்.

"அங்க உட்கார முடியலண்ணே. இதை அறுக்கணும்."

நன்றாகத் திட்டினார். அறுத்து, தேய்த்து, மறுபடி வைத்து அவரிடம் காட்டினேன். இனி அவரிடம் காட்டாமல் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை.

யாராவது இங்கே வந்தால் என் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பு. நீ சமைக்கும்போது பாடும் பாட்டையும் போனில் பாடி அனுப்பு. இங்கே சபையில் எங்கள் வரிசையில் ஒருவருக்கும் ராகம் வராது.

வேன் வந்துவிட்டது. விரலில் இன்றும் பெயிண்ட்தான், ஃபோர்மேனிடம் காட்டிவிட்டு அடித்தது; கழுவ நேரமில்லை. ஆனால் இன்று தட்டு வந்தால் எடுப்பேன்.

உன்,
பாப்பா அப்பா