தஸ்னீமுக்கு நான் போட்ட ஊசி

5 ஆகஸ்ட், செவ்வாய். முதுநகர்.

என் மனைவி ரஹ்மத் பீவியைச் சிதம்பரத்தில் அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நாளை மறுநாள் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன். கிளம்பும்போதுகூட தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஊசி போட்டதும் சாப்பாடு குடுத்துருங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மகள் தஸ்னீமுக்கு எட்டு வயது. நாலு வயதில் சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசி போடுவது அவள் அம்மாதான். அந்த நேரத்தில் நான் செல்போன் கடையில் இருப்பேன். பிள்ளை உடம்பில் ஊசி இறங்குவதை நின்று பார்த்ததே இல்லை.

6, புதன்.

காலையில் ஊசியை எடுத்துக்கொண்டு தஸ்னீமிடம் போனேன். "தொடையில நேத்து போட்டாச்சு அத்தா, இன்னிக்கு வயித்துல" என்றாள். போட்டேன். வலிச்சுதாம்மா என்று கேட்டதற்கு, "நீங்கதான் கண்ண மூடிக்கிட்டீங்க" என்கிறாள்.

7, வியாழன்.

ஆபரேஷன் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். அவள் அக்கா போன் செய்தார். "கண்ணு முழிச்சதும் புள்ள சாப்டுச்சான்னுதான் கேட்டா, நாசர் தம்பி."

9, சனி.

படபடப்பு இன்னும் அடங்கவில்லை. மத்தியானம் ஊசியைப் போட்டுவிட்டு உலை வைத்தால் கேஸ் தீர்ந்துபோனது. சாப்பாடு வாங்க ஓடினேன். ஓட்டலில் கூட்டம். திரும்பி வந்தால் பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கிறது, சட்டையெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் முறைக்கிறது. விரலைக் குத்திப் பார்த்தேன் — சர்க்கரை ஐம்பத்து நாலு. யா அல்லாஹ், என்ன காரியம் பண்ணிட்டேன்! சக்கரையக் கரைச்சு வாயில வச்சேன். முழுங்கும்மா, கொஞ்சம் முழுங்கு கண்ணு — பாதி என் சட்டை மேலேயே கொட்டிப்போச்சு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எண்பத்தெட்டு. "அத்தா, பசிக்குது" என்றாள். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்து ஊட்டினேன்.

10, ஞாயிறு.

ரஹ்மத்திடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம் என்றிருந்தேன். தஸ்னீம் போனை வாங்கியதுமே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"எனக்கும் ரெண்டு தடவ இப்பிடி ஆயிருக்குங்க. நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லல. சக்கரத் தண்ணி குடுத்தீங்கல்ல? நானும் அதத்தான் செஞ்சேன்."

தனியாக, இந்த வீட்டில், இவள் இத்தனையும் பார்த்திருக்கிறாளா?

14, வியாழன்.

நேற்று ரஹ்மத்தை அழைத்து வந்தேன். காலையில் அலாரம் அடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். "படு, நான் பாத்துக்குறேன்" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சர்க்கரை நூற்றிருபது. ஊசி, இட்லி, பள்ளிக்கூடம். பிள்ளையை விட்டுவிட்டு வரும்போது ஜன்னல் வெயில் ரஹ்மத் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதுகூடத் தெரியாமல் தூங்குகிறாள். திரையை இழுத்துவிட்டேன். கடையை மெதுவாகத் திறந்துகொள்ளலாம்.