அப்பா யாருக்கும் தேதி சொல்லவில்லை

அன்பு மகள் மார்னிக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் குறைவில்லை, நீயும் பாஸ்டன் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாம் அந்த விளம்பரத்தால் வந்த வினை. நம் செனட்டர் மறுபடி நிற்கிறார் அல்லவா, இந்த மாநிலத்தில் அவர் கட்சி ஜெயிப்பதே அபூர்வம், இந்தத் தடவை இழுபறி. வறட்சியில் நமக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர் என்ற நன்றிக்காக உன் அப்பா அவருடைய டிவி விளம்பரத்தில் தோன்றி, "ஆயுசு பூரா எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன், இந்த ஒரு ஆளுக்கு மட்டும் மாத்திப் போடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து போன் அடிக்கிறது, எடுத்தால் மூச்சுச் சத்தம். ஒருத்தன் மட்டும் வாய் திறந்து, "கெழவன வேலிக்குள்ளயே இருக்கச் சொல்லு" என்றான். வாசல் கேட் பக்கத்தில் நட்ட, செனட்டர் பேர் போட்ட தேர்தல் பலகையை யாரோ சுட்டிருக்கிறார்கள், ஓட்டையில் என் சுண்டுவிரல் நுழைகிறது. மான் வேட்டைக்காரன் கை தவறியிருப்பான் என்கிறார் அப்பா. பலகையில் மானா மேய்கிறது என்று கேட்டேன். மலையில் வெடிச் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

நாளை சனிக்கிழமை மேட்டு மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்கிக் கன்றுகளைப் பிரித்து லாரியில் ஏற்ற வேண்டும். உனக்குத் தெரியாததா, இதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, தேதியைக் காதில் போட்டால் போதும், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் விடியும்போது குதிரைகளோடு வந்து நிற்பார்கள். இந்த வருஷம் ஒருவரும் பேச்சே எடுக்கவில்லை. பக்கத்துப் பண்ணை ராய்ஸ் எதிரே வண்டியில் வந்தால், வணக்கம் சொல்ல ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூடத் தூக்குவதில்லை என்றார் அப்பா. தள்ளி வைத்துவிட்டார்கள் என்று நானும் நம்பினேன். இதய ஆபரேஷன் ஆன மனிதர் அந்தச் சரிவில் தனியாகப் போவதா என்று பொறுக்க முடியாமல் ராய்ஸ் மனைவி டெல்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவளும் விடவில்லை, "என்ன லோர்னா அநியாயமா பேசுற? உன் வீட்டுக்காரருதான் யாருக்கும் தேதியே சொல்லல. எங்க வீட்டுக்காரரு வெரலத் தூக்கினா இவரு பாக்காத மாதிரி தொப்பிய மூஞ்சிக்கு எறக்கிக்கிட்டுப் போறாராம். எங்க வாசல்ல வேற ஆள் பலகதான் இருக்கு, அதுக்காக மாடு எறக்குறதுலயுமா கட்சி?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கொட்டகைக்குள் கரடி புகுந்தபோது துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போன மனிதரடி உன் அப்பா. சுட்டது யாரென்று தெரியாததால் இப்போது எல்லாரையும் பார்த்துப் பயப்படுகிறார். தேதி சொல்லி யாரும் வராமல் போனால் என்ன செய்வது என்று சொல்லாமலே இருந்துவிட்டார். நான் டெல்பாவிடம் தேதியைச் சொல்லிவிட்டேன். ராய்ஸ் வருவாரா என்று அவள் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. சொன்னது அப்பாவுக்குத் தெரியாது.

இது உன் கைக்கு வருவதற்குள் நாளையும் போயிருக்கும், தேர்தலும் முடிந்திருக்கும். செனட்டர் கதி என்ன ஆயிற்று என்று டிவியே உனக்குச் சொல்லிவிடும். நீ மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய்து மாடு இறக்க யார் யார் வந்தார்கள் என்று கேள். பேர் பேராகச் சொன்னால் நிம்மதியாக வேலையைப் பார். பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்தாரானால், லீவு போட்டுக் கிளம்பி வா.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
லோர்னா